மாமா தட்டில் வைத்துத் தந்த கமரா

வெற்றிலைத் தட்டின் நடுவில், மேலே இரண்டு செவ்வரத்தம்பூ கிடக்க, அந்தக் கமராப் பெட்டி எங்கள் மண்டூர் வீட்டுக்குள் வந்தது. தட்டை ஏந்தி வந்தவர் அம்மாவின் தம்பி, என் தாய்மாமா. நான் நோர்வேக்குப் படிக்கப் புறப்பட நான்கு நாட்கள் இருந்தன. வீடு நிறையச் சனம். மாமா பெட்டியை என் கையில் தந்து, "நாலு கடை ஏறி இறங்கி எடுத்த சாமான் மகள். இஞ்ச தொறக்காத, கண்ணூறு பட்டிரும். சாமியறையில வச்சிட்டு நோர்வேக்குப் போய்த் தொறந்து பாரு" என்றார். எல்லாரும் பார்க்க அவர் காலில் விழுந்து கும்பிட்டேன். அந்தக் கும்பிடை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு எரிகிறது.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையின் காரியம் எதுவும் தாய்மாமனைத் தாண்டி நடக்காது. காது குத்தினாலும், பெரியபிள்ளையானாலும், கலியாணம் என்றாலும் முதலில் அவர் கை படவேண்டும். எனக்குக் கமரா வாங்குகிற பொறுப்பும் அப்படித்தான் அவர் கைக்குப் போனது. அதிலும் அவர் எழுவான்கரையில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். வாவிக்கு அந்தப் பக்கம் அவர் படம் எடுக்காத கலியாண வீடு இல்லை. எனக்கோ, ஒரே கடற்கரையை ஒரே இடத்தில் நின்று கிழமைக்கு ஒரு தடவை குளிர்காலம் முழுவதும் படம் எடுக்கவேண்டிய படிப்பு. உறைகிற குளிரிலும் வேலை செய்யக்கூடிய, ஈரம் புகாத ஒரு கமராவை இரண்டு மாதம் தேடிக் குறித்து வைத்திருந்தேன். கொழும்புக்குப் போய் நானே வாங்குகிறேன் என்றதும் அம்மாவின் முகம் கறுத்தது. "மாமா இருக்கக்குள்ள நீ கடைக்குப் போனா சனம் என்ன சொல்லும்?" என்று கேட்டுவிட்டு, தன் காப்பை விற்று மாமாவிடம் கொடுத்தார். தாய்மாமன் தட்டில் வைத்துத் தந்ததைப் பிரித்துச் சரிபார்ப்பது எங்கள் ஊரில் ஒருவரும் செய்யாத காரியம். நானும் செய்யவில்லை.

நோர்வேயில் திறந்தபோது கமரா பளபளத்தது. சில கிழமை ஒழுங்காக வேலையும் செய்தது. தை மாதம், பனி கொட்டிய ஒரு காலையில், கரையில் நின்று விசையை அழுத்தினேன். உள்ளே ஏதோ சிக்கிய சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அது அசையவே இல்லை. திருத்துகிற கடைக்காரர் அதைத் தன் கணினியோடு பொருத்திப் பார்த்தார். ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடுகிற உள்மூடி இதில் ஏறக்குறைய மூன்று லட்சம் தடவை திறந்து மூடியிருக்கிறது, வருடக்கணக்காகத் தொழில் செய்து களைத்த கமரா இது, மேல் ரப்பர் மட்டும்தான் புதிது என்றார். கமராவைத் திருப்பி, ஒவ்வொரு கமராவுக்கும் தனியாக அடியில் பொறித்திருக்கும் எண்ணைக் காட்டினார். பெட்டியில் இருந்த எண் வேறு.

அன்றே அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "அவன் அப்பிடிச் செய்ய மாட்டான் மனே. குளிருக்குப் பழுதாகியிருக்கும்" என்றார். மாமா ஊரெல்லாம் சொன்னது இன்னும் விசேஷம்: "பிள்ளைக்குப் படிப்பு நல்லா வரும், சாமான் பாவிக்கத்தான் தெரியா." இடையில் அறுந்த பதிவு செல்லாது என்றார்கள் பல்கலைக்கழகத்தில். அடுத்த குளிர்காலத்தை முதலிலிருந்து தொடங்க ஒரு வருடம் கூடுதலாக இருக்கவேண்டி வந்தது. அந்த வருடம்தான் என் ஒரே அக்காவுக்குக் கலியாணம் நடந்தது. நான் இல்லாமல் நடந்தது.

கலியாணப் படங்களை மாமாதான் எடுத்து அனுப்பியிருந்தார். அழுது முடித்த பிறகு ஒரு சந்தேகத்தில் ஒரு படத்தின் விபரங்களைக் கணினியில் திறந்தேன். எந்த எண்ணுள்ள கமரா எடுத்தது என்பதை அந்த வகைக் கமராக்கள் தாம் எடுக்கும் படத்துக்குள்ளேயே எழுதி வைக்கும். இருபது வருடம் படம் எடுத்த மனிசனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அக்காவின் தாலிகட்டுப் படத்துக்குள் இருந்தது என் பெட்டியில் இருந்த அதே எண். எனக்கு வாங்கிய புதுக் கமராவைத் தான் வைத்துக்கொண்டு, அதே வகையில் தன்னிடம் இருந்த தேய்ந்துபோன கமராவை என் பெட்டிக்குள் போட்டுத் தந்திருக்கிறார்.

அம்மா இருக்கும்வரை வாய் திறக்கவில்லை. தம்பியைக் கள்ளன் என்று நிரூபித்துக் காட்டினால் அம்மா தாங்கமாட்டார். படிப்பு முடிந்து ஊருக்கு வந்த பிறகு ஒவ்வொரு வருடமும் கோயில் திருவிழாவில் மாமா என் தோளைத் தட்டி, "இப்ப வச்சிருக்கிற கமராவையாவது கவனமாப் பாவி" என்பார், நாலு பேருக்குக் கேட்க. நான் சிரிப்பேன். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். தெய்வத்துக்கு ஆயிரம் வேலை, அதனால் நானே நின்றேன். போன வருடத்துக்கு முதல் வருடம் அம்மா கண்மூடினார்.

போன மாதம் மாமா தன் ஒரே மகளோடு பாதையில் வந்து இறங்கினார். வாவியைக் கடக்கும் மிதவைக்கு நாங்கள் சொல்லும் பெயர் அது. மகள் நான்கு வருடம் படிக்கக் கனடா போகிறாள். தகப்பன்தான் அவளுக்குத் தெய்வம். அவர் சொல்லுக்கு மறுசொல் அவளிடம் இல்லை. "புதுக் கமரா ஒண்டும் எனக்கு விளங்குதில்ல மகள். நீதான் பிள்ளைக்கு நல்லதொண்டு பாத்துச் சொல்லோணும்" என்றார் மாமா.

உதவாத கமரா ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அவளோடு எனக்குப் பகையில்லை. குளிருக்கு எது உதவும், கையுறையோடு எதை அழுத்தலாம் என்று எல்லாம் விளக்கி, நல்ல கமரா ஒன்றைத் தேர்ந்து எழுதிக் கொடுத்தேன். "ஆர் வாங்கித் தந்தாலும் பெட்டியிலயும் கமராவிலயும் இருக்கிற ரெண்டு நம்பரையும் பாக்கோணும். இஞ்ச வா, பழக்கிவிடுறன்" என்றேன். அலுமாரியிலிருந்து என் பழைய பெட்டியையும் கமராவையும் எடுத்து வந்தேன். கணினியில் அக்காவின் தாலிகட்டுப் படத்தைத் திறந்து வைத்தேன். மாமா அப்போதும் சாய்மனைக் கதிரையில் காலாட்டிக்கொண்டுதான் இருந்தார்.

அவள் கெட்டிக்காரி. கமராவின் அடியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். "ரெண்டும் வேற" என்றாள். பிறகு படத்துக்குள் இருந்த எண்ணை விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசித்தாள். கடைசி இலக்கத்தில் விரல் நின்றது.

"மச்சாள், இது உங்கட பெட்டியில இருக்கிற நம்பரெல்லா? இந்தப் படம் அப்பா எடுத்தது. உங்கட கமரா அப்பாட்ட எப்பிடி?"

கதிரையில் ஆடிய கால் நின்றது. மாமா எழும்பி, "வெளிக்கிடு மகள், பாதை போகப் போகுது" என்றார்.

"அடுத்த பாதை இருக்கு மாமா" என்றேன். "இருந்து பிள்ளைக்குச் சொல்லிட்டுப் போங்க."

அவள் தகப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா மெல்லத் திரும்ப உட்கார்ந்தார். நான் தேநீர் போட உள்ளே போனேன். மனம் நிறைந்திருந்தது. அவசரப்படாமல் போட்டேன்.