மாப்பிள்ளை என்று பேர் வைத்த ஆமை

பாசி பிடித்த சிமெண்ட் தொட்டியின் வாடை எங்கே வந்தாலும் எனக்கு முடிச்சூர் வீட்டின் கொல்லைதான் நினைவுக்கு வரும். அந்தத் தொட்டியில், ஏரியில் வலை போட்டவரிடம் அப்பா கேட்டு வாங்கிவந்த இரண்டு ஆமைகள் இருந்தன. பெரியது ஆண், சின்னது பெண் என்று வீட்டில் யாரோ சொல்ல, அதோடு விஷயம் முடிந்தது. திருப்பிப் போட்டு வாலைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பெரியதற்கு "மாப்பிள்ளை" என்று பேர். சின்னதின் ஓட்டில் அம்மா நெயில் பாலிஷால் பொட்டு வைத்தாள், அது "பொண்ணு".

பொண்ணு ஓயாமல் மாப்பிள்ளையைத் துரத்தியது, கழுத்தைக் கடித்தது, மேலே ஏறி நீருக்குள் அமுக்கியது. இதைப் பார்க்கவே எதிர்வீட்டு அக்கா தினமும் வருவார். "இன்னாம்மா, உங்க வூட்டு மாப்பிள்ளை இன்னிக்கும் அடி வாங்கிகினு கீறாரா?" எல்லோரும் சிரிப்பார்கள். மாப்பிள்ளையோ தின்பதை விட்டுவிட்டு, கழுத்தில் புண்ணோடு, பகலெல்லாம் தொட்டிச் சுவரைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. பழைய அண்டாவில் அதைத் தனியாக வைக்கலாம் என்று நான் கெஞ்சினால், "புருஷன் பொண்டாட்டியப் பிரிச்சு வெக்கறதா? வீட்டுக்கு ஆகாதுடி" என்பாள் அம்மா. வேறு வழி தெரியாமல், ஆடி மாதத்தில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவார்களே, பொண்ணையும் அண்டாவுக்கு அனுப்பினால் என்ன என்று கேட்டேன். அம்மா சிரித்துவிட்டாள். "சரி, ஆடி பொறக்கட்டும். இன்னும் பத்து நாள்தானே."

அந்தப் பத்து நாளை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கைக்கெட்டும் தூரத்தில் அண்டா காலியாகக் கிடந்தது. ஒன்பதாம் நாள் காலை மாப்பிள்ளை செத்து மிதந்தது. அப்பா தொட்டியைக் காலி செய்தபோது அடியில் வெள்ளையாக மூன்று முட்டைகள், ஒன்று உடைந்து. சுவரைப் பிறாண்டியது முட்டையிட மண் தேடித்தான் என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

இவ்வளவு பட்டும், என் மகள் ஆமை கேட்டு அடம்பிடித்தபோது, "ஜோடிதான் மேடம். பெரிசு ஆம்பள, சின்னது பொம்பள" என்று மேடவாக்கத்துக் கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பி வாங்கிவந்தவள் நான்தான். என்னை என்ன சொல்வது? இன்று காலை பெரியதின் கழுத்தில் கடித்த காயம். இரண்டையும் திருப்பிப் பார்த்தேன். சின்னதின் வால்தான் ஆணுக்கு இருப்பதுபோல் தடித்து நீண்டிருந்தது. மகள் அழ அழ அதைப் பக்கெட்டுக்கு மாற்றினேன்.

இப்போது எங்களோடு இருக்கும் அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். பிரிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. "பெரிசுக்கு மண்ணு வேணும்டி" என்றாள். மண்ணுக்கு எங்கே போவது? முடிச்சூர் வீடும் கொல்லையும் இருந்த இடத்தில் நான்கு மாடி எழும்பிவிட்டது. எங்கள் குடியிருப்பிலோ வாசல் முதல் மதில் வரை சிமெண்ட் கல். காலி டப்பாவோடு கீழே சுற்றிய என்னிடம் வாட்ச்மேன், "இங்க ஏதுக்கா மண்ணு, ஃபுல்லா கல்லு போட்டாச்சு" என்றார்.

எரிச்சலோடு மேலே வந்தால், அம்மா பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். தான் வளர்த்த கற்பூரவள்ளியை வேரோடு பிடுங்கி டம்ளர் தண்ணீரில் வைத்துவிட்டு, அது இருந்த பூந்தொட்டி மண்ணை அகலமான டப்பில் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "ஆடி வரைக்கும்லாம் வேணாம், இப்பவே எடுத்துட்டு வா" என்றாள்.