ஜாடிக்குள் நின்ற குழவி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனால் என் மேலேயே எனக்குக் கோபம் வந்து, என் தலையில் நானே நறுக்கென்று குட்டிக்கொண்டது ஒரே ஒரு தடவைதான். அதுவும் போயும் போயும் ஒரு ஜாடி முட்டைக்கோஸுக்காக.

எழுபதுகளின் கடைசி அது. கும்மிடிப்பூண்டியில் பொட்டலாகக் கிடந்த இடங்களில் ஒவ்வொன்றாகக் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றில் என் வீட்டுக்காரர் ஃபிட்டர். நிரந்தர வேலை இல்லை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்திறங்கிய ஒரு பெரிய மிஷினைப் பூட்டி ஓட்டிக் காட்டிய பிறகுதான் ஆட்களை நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். மிஷின் ஓடவில்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு, பெரியபாளையம் பக்கத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்கே திரும்ப வேண்டியதுதான். கல்யாணமான புதிதில் ஒரு வருஷம் நான் அங்கே இருந்து பார்த்தவள். என் மாமியார் நல்லவர். நானும் நல்லவள்தான். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே அடுப்பு ஒத்துவரவில்லை.

மிஷினோடு, அதைப் பூட்ட ஒரு எஞ்சினியரும் வந்தார், பெண்சாதியோடு. ஏதோ பனி கொட்டுகிற தேசம். பெயர் சொன்னார்கள், என் வாயில் நுழையவில்லை. எங்கள் பக்கத்து வீட்டைத்தான் கம்பெனி அவர்களுக்கு வாடகைக்குப் பிடித்துக் கொடுத்திருந்தது. அந்த அம்மா வந்த அன்றைக்கு நல்ல வாட்டசாட்டமாக இருந்தார். நாலே மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, சோறு இறங்கவில்லை, ரொட்டியும் வாழைப்பழமும்தான். நான் குழம்பு கொடுத்தனுப்பினால், கிண்ணத்தைக் கழுவி அதில் நாலு பிஸ்கட் வைத்துத் திருப்பிக் கொடுப்பார். குழம்பு எங்கே போயிற்று என்பது அவர்கள் வீட்டுப் பின்பக்கம் திரிந்த நாய்க்குத்தான் தெரியும்.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன்.

"அந்தம்மா ஊருக்குப் போவணும்னு நிக்கிறாங்களாம். அவங்க போனா நானும் போய்டுவேன்றாரு எஞ்சினியரு. வேற ஆளு வர ஆறு மாசம் ஆவுமாம்."

"அப்ப மிஷினு?"

"துரு புடிச்சிக்கினு நிக்கும். நாம பெரியபாளையம் போவ வேண்டியதுதான்."

"அந்தம்மாவுக்குத் துன்றதுக்கு இன்னா வேணும்னு யாராச்சும் கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. மிஷினுக்கு என்ன எண்ணெய் ஊற்றுவது என்று மட்டும் அத்தனை ஆம்பிளைகளும் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் நானே போய்க் கேட்டேன். அந்த அம்மாவுக்கு என்னிடம் கற்றுக்கொண்ட பத்துப் பதினைந்து தமிழ் வார்த்தைகள் தெரியும். இன்னா, குந்து, தண்ணி, வா, போ என்று அந்த அளவுக்கு. எனக்கு அவர் பாஷையில் ஒன்றும் தெரியாது. அவர் பென்சிலை எடுத்துப் படம் போட்டார். ஒரு கோஸ், ஒரு வெள்ளரிப்பிஞ்சு, ஒரு ஜாடி, ஒரு குவியல் உப்பு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு நாக்கைச் சப்புக் கொட்டினார். ஊறுகாய். இதுக்கா இம்மாம் பேஜாரு என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கோஸ் அப்போது எங்கள் பக்கத்தில் கல்யாணச் சமையலில் கண்ணில் பட்டால்தான் உண்டு. ரயிலேறி மெட்ராஸ் கொத்தவால் சாவடிக்குப் போய் நாலு கோஸ் வாங்கி வந்தேன். ஆற்று மணலில் விளைந்த வெள்ளரிப்பிஞ்சு சந்தையிலேயே கிடைத்தது. ஏதோ ஒரு விதையும் வேண்டும் என்றார், அது படத்தில் பிடிபடவில்லை. நாட்டு மருந்துக் கடைக்கு அவரையே கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு டப்பாவாக மோந்துகொண்டே வந்தவர், சதகுப்பை டப்பாவுக்குள் மூக்கை விட்டதும் எடுக்கவேயில்லை. கடைக்காரர் அந்த அம்மாவின் வயிற்றையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கிற மருந்து அது.

அன்றைக்கே எங்கள் வீட்டில் ஜாடிகளைக் கழுவினோம். வெள்ளரிப்பிஞ்சைச் சின்ன ஜாடியில் முழுசாக அடுக்கி, பூண்டும் சதகுப்பையும் போட்டு, உப்புத் தண்ணீரை ஊற்றினார். கோஸை மெல்லிசாக அரிந்து, கல்லுப்பைப் போட்டு, துணி கசக்குவது போலக் கசக்கினார். நாலு மாதமாக ரொட்டியும் பழமும் தின்ற கைக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ. கோஸிலிருந்து தண்ணீர் விட்டதும் என் பெரிய பீங்கான் ஜாடியில் அடைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்தார். தட்டின் மேல் பாரம் வைக்க வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்தவர் என் அம்மிக் குழவியைக் காட்டினார். கேட்ட பொருளை இல்லை என்பது எப்படி? எடுத்துக் கொடுத்தேன். படுக்க வைக்க இடமில்லாமல் அது ஜாடிக்குள் லிங்கம் மாதிரி நட்டுக்குத்தலாக நின்றது. இரண்டு ஜாடியையும் அவர் வீட்டுச் சமையலறையில் கொண்டுபோய் வைத்தோம்.

இரண்டாம் நாளே அந்த அம்மாவைக் கம்பெனிக் காரில் மெட்ராஸுக்கு டாக்டரிடம் கூட்டிப்போய், பத்து நாள் அங்கேயே தங்கவைத்தார்கள். கிளம்பும்போது வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்து, ஜாடிகளைக் காட்டி, தொடவே கூடாது என்று கையை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனார். நானும் சரி சரி என்று தலையாட்டினேன்.

நாலாம் நாள் என் மாமியார் வந்து இறங்கினார். வந்தவர் நேராகப் பின்கட்டுக்குப் போய் நின்றார்.

"இன்னாடி, அம்மி மட்டும் தனியா குந்திக்கினு கீது, கொழவி எங்க? பக்கத்து ஊட்டுக்குத் தானம் பண்ணிட்டியா? வந்தவளுக்கு ஒரு தொவையலு கூட கெடையாதா?"

எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நேரத்துக்குக் குழவியை எடுத்துத் துவையல் அரைத்துவிட்டுத் திரும்ப வைத்துவிடலாம் என்று பக்கத்து வீட்டைத் திறந்தேன். குழவியைத் தூக்கினால், அடியில் தண்ணீர் கலங்கி வெள்ளையாக நுரைத்துக்கொண்டு நிற்கிறது. குப்பென்று ஒரு புளித்த வாடை. வெள்ளரி ஜாடியிலும் அதே கதி.

ஊறுகாய் என்றால் ஈரக்கை படக் கூடாது, ஈரக்கரண்டி படக் கூடாது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலே பூஞ்சை பூத்துவிடும் என்று அலறுகிற வீடு எங்களுடையது. இங்கே ஜாடி நிறையத் தண்ணீர். பாவம், வெள்ளைக்காரம்மாவுக்குத் தெரியவில்லை, நாமாவது காப்பாற்றிக் கொடுப்போம் என்று இறங்கிவிட்டேன். இரண்டு ஜாடித் தண்ணீரையும் சாக்கடையில் கொட்டினேன். கோஸை ஒட்டப் பிழிந்து, வெள்ளரியைக் கீறி, பாயில் பரப்பி மூன்று நாள் வெயிலில் காயவைத்தேன். நல்லெண்ணெய் காய்ச்சி, கடுகு பொரித்து, வெந்தயப் பொடி, மிளகாய்ப் பொடி எல்லாம் போட்டுக் கிளறினேன். அடைத்து அடைத்து மூன்றே பாட்டில்தான் தேறியது. மாமியார் ருசி பார்த்துவிட்டு, பரவால்லடி என்றார். அவர் வாயில் அந்த வார்த்தை வந்ததே எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்த அம்மா திரும்பி வந்ததும் பாட்டில்களை மேசையில் வரிசையாக வைத்தேன். அவர் பாட்டிலைப் பார்த்தார், காலி ஜாடியைப் பார்த்தார்.

"தண்ணி?" என்றார்.

"கொட்டிட்டேம்மா. தண்ணி நின்னா கெட்டுப்பூடும்."

கொட்டிய மாதிரி கையைக் கவிழ்த்தும் காட்டினேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சத்தமே இல்லாமல் கண்ணீர் வழிந்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ, வெயிலில் காய்ந்து பாடுபட்டதற்கு இதுவா மரியாதை என்று விறுவிறுவென்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் விஷயம் விளங்கியது. டாக்டர் அப்படியே ஊருக்கு அனுப்பிவிடச் சொன்னாராம். வீட்டில் இரண்டு ஜாடி ஊறிக்கொண்டிருக்கிறது, அதைத் தின்று பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று அந்த அம்மாதான் பிடிவாதமாகத் திரும்பி வந்தாராம். இப்போது டிக்கெட் போட்டாயிற்று. இரண்டு பேருக்கும். இன்னும் எட்டு நாள்.

விடிந்ததும் பழைய சோற்றில் உப்பைப் போட்டுக் கரைத்து நீராகாரத்தை வாயில் வைத்தேன். புளிப்பாக இறங்கியது. அதே வாடை. தண்ணீர் ஊற்றி வைத்துப் புளிக்கப் புளிக்கத்தான் தினமும் குடிக்கிறேன், ஒரு நாளாவது கெட்டுப்போச்சு என்று கொட்டியிருக்கிறேனா? அப்போதுதான் என் தலையில் அந்தக் குட்டு. முட்டாளே என்று வாய்விட்டே திட்டிக்கொண்டேன்.

அடுத்த ரயிலைப் பிடித்துக் கொத்தவால் சாவடிக்கு ஓடினேன். அந்த அம்மா வெளியே வருவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். எஞ்சினியர் மட்டும் என்னுடைய ஊறுகாயை ரொட்டியில் தடவி ஒரே ராத்திரியில் ஒரு பாட்டிலைத் தீர்த்துவிட்டு, காலி பாட்டிலை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பி இன்னும் உண்டா என்று கேட்டிருந்தார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்த அம்மா செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி, எங்கள் சமையலறையிலேயே அரிந்து, கசக்கி, அடைத்து, குழவியை நட்டு நிறுத்தினேன். வெள்ளரிக்கு அதே பூண்டு, அதே சதகுப்பை.

மூன்றாம் நாள் நுரை வந்தது. கை பரபரத்தது. இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து, இன்னும் ஊருக்குப் போகாமல் இருந்த என் மாமியார் தேங்காயைத் துருவிவிட்டுக் குழவியைத் தேடி வந்தார். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஆளில்லை. நான் நின்ற நிலையில் மஞ்சளைக் குழைத்துக் குழவியின் தலையில் பூசி, நடுவில் குங்குமப் பொட்டு வைத்துவிட்டேன்.

"இன்னாடி இது கூத்து?"

"பவானியம்மனுக்கு வேண்டிக்கினு வச்சிருக்கேன் அத்தை. இன்னும் மூணு நாளு எடுக்கக் கூடாது."

"எதுக்கு வேண்டுதலு?"

"ஒங்க புள்ள வேலைக்கு."

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்றைக்குத் துவையல் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். நான் சொன்னது பொய்யுமில்லை. அந்த மூன்று நாளும் ஜாடிக்கு முன்னால் நின்று நான் கும்பிட்ட கும்பிடு எனக்குத்தான் தெரியும். பொட்டு வைத்துவிட்டதால் குழவியைத் தூக்க எனக்கே பயம் வந்துவிட்டது. அதனால்தான் இரண்டாம் தடவை போட்ட ஜாடி பிழைத்தது.

ஆறாம் நாள் காலையில் கற்பூரம் காட்டிவிட்டுக் குழவியை எடுத்தேன். கோஸ் பொன்னிறமாக, பல்லில் நறுக்கென்று கடிபட்டது. வெள்ளரியைக் கடித்தால் மொடுக்கென்றது. ஒரு தட்டில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மா கதவைப் பாதிதான் திறந்தார். நான் தட்டை நீட்டினேன்.

அவர் விரலால் ஒரு துளி கோஸை எடுத்து வாயில் போட்டார். மென்றார். பிறகு என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, "குந்து" என்றார். கட்டி வைத்திருந்த பெட்டியின் மேலேயே உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு துரும்பு விடாமல் தின்றார். சோறு இருக்கிறதா என்று சைகையில் கேட்டார். ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். சோற்றையும் தின்றார். தட்டில் மிஞ்சிய புளித்த தண்ணீரைத் தூக்கிக் குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நான்," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். வார்த்தையைத் தேடினார். "நான் போவல."

வீட்டுக்கு வந்து குழவியின் மஞ்சளைக் கழுவி அம்மியில் வைத்தேன். மாமியார் புதிதாகத் துருவித் தந்த தேங்காயில் தாராளமாக ஒரு துவையல் அரைத்தேன். மத்தியானம் சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னா இது, தொவையலு ஒரு மாதிரி வாசன அடிக்குது?"

"ஒங்க வேல பர்மனன்ட் ஆவுற வாசன," என்றேன். "பேசாம சாப்டுங்க."