ஏலக்கிப் பழமும் விமான எதிர்ப்புப் பீரங்கியும்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் இன்று மூன்று அறுவடை மெஷினுக்கு முதலாளி. எந்த மெஷினும் ஒரே பார்வையில் எனக்குப் பிடிபட்டுவிடும். திருமானூரிலிருந்து பெரம்பலூர் போகும் வழியில், பஸ்ஸில் பக்கத்தில் இருந்த முறுக்கு மீசைக்காரரிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். சம்பந்தி வீட்டுக்கு முதன்முதலாகப் போகிறேன். மடியில் இருந்த பையில் ஒரு சீப்பு ஏலக்கிப் பழம்.

"விமானத்தச் சுடுற பீரங்கி எப்டி வேல செய்யும், சொல்லுங்க பாப்பம்? நான் அதுல இருந்தவன்" என்று என் சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து, உரித்து வாயில் போட்டார்.

"சுட்டதும் குழல் பின்னால உதைக்கும். அந்த உதையிலயே காலிக் கூடு வெளிய விழுந்துடும்." பதிலையும் அவரே சொல்ல, தோல் ஜன்னல் வழியே பறந்தது. "அதே வேகத்துல அடுத்த குண்டு உள்ள போயிடும். ஆளு மேலேர்ந்து நாலு நாலா போட்டுக்கிட்டே இருக்கணும். அவன் நின்னா பீரங்கி நின்னுடும். போடுங்க!"

நிற்க விடுவேனா நான்? பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தேன். அரியலூர் வருவதற்குள் சீப்பு காலி.

"இவ்ளோ வேகமான கைய பட்டாளத்துலயே பாத்ததில்லீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

அவர் பட்டாளத்துக்காரரா, பசியோடு பஸ் ஏறியவரா, இன்றுவரை தெரியவில்லை. பீரங்கி மட்டும் நன்றாகப் பிடிபட்டுவிட்டது. என் வெறும் பையைச் சம்பந்தி உற்றுப் பார்த்ததும் அதையே விளக்கத் தொடங்கினேன். கையில் பழம் இருந்திருந்தால் அவருக்கும் புரிந்திருக்கும்.