அக்கா முன்னால் வந்து நின்ற நாள்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்காவிடம் பல வருடம் மீன் வாங்கிய தாய்மார்களுக்கும் வணக்கம். நான் அக்காவின் ஒரே தங்கை. பத்தாம் வகுப்பு வரை படித்தேன். அதன் பிறகு ரேஷன் கார்டுக்கு மனு எழுதியதைத் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். நேரில் சொல்லவேண்டும் என்றிருந்தால் இந்த வருடமும் சொல்லாமலே விட்டிருப்பேன்.

அக்கா பிறந்தது வைத்திக்குப்பத்தில். அப்பா கடலுக்குப் போவார், அம்மா மீன் விற்பார். அக்காவுக்கு ஒன்பது வயதில் நான் பிறந்தேன். அம்மாவுக்கு மூட்டு வீங்கி நடக்க முடியாமல் போனபோது, அக்கா ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு அம்மா மீன் சுமந்த அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டார். கடைசியாகப் படுக்கையில் விழும்வரை அதை இறக்கவில்லை. நான் பத்தாவது வரை படித்தது அந்தக் கூடையால்.

அக்காவுக்கு வாய் அதிகம். இதை மறைக்க நான் விரும்பவில்லை. குழாயடியில் அக்கா குடத்தை வைத்தால் மற்றவர்கள் தள்ளி நிற்பார்கள். ஆனால் வியாபாரத்தில் அக்கா வேறு ஆளாக இருப்பார். முத்தியால்பேட்டையில் முதல் வீட்டுக்குப் போகும் முன் தெருக்குழாயில் கைகால் கழுவி, புடவையைச் சரி செய்து, முகத்தைத் துடைத்துக்கொள்வார். ஒருமுறை பள்ளி விடுமுறையில் நான் கூடப் போனபோது, "மீன்காரிக்கு எதுக்குக்கா இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"மொதல்ல பாக்கறதுதான்டி அவங்க கண்ணுல நிக்கும். அப்புறம் நீ எவ்ளோ கழுவினாலும் போவாது" என்றார்.

பிரெஞ்சுப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர் அக்காவின் வாடிக்கைக்காரர். மதாம் என்றுதான் அக்கா கூப்பிடுவார். அன்று அவர் வீட்டு வாசலில் அக்கா கூடையை இறக்கியதும் நல்ல மீனை எடுத்துக் காட்டவில்லை. அடியில் இருந்ததை மேலே எடுத்துப் போட்டார்.

"மதாம், இந்த சங்கரா நேத்து மீனு. கொழம்பு வெச்சா ஒடஞ்சிடும். வறுக்கறதா இருந்தா எடுத்துக்கோங்க."

"நேத்து மீன ஏன் தூக்கிட்டு வந்த?"

"வறுக்கறவங்களுக்கு" என்றார் அக்கா.

மதாம் சிரித்துக்கொண்டே அந்த சங்கராவையே வாங்கினார். எந்த மீனைப் பற்றியும் அக்கா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. பிறர் கண்ணில் எப்படித் தெரிய வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

அக்காவுக்குக் கனகசெட்டிக்குளத்தில் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். மாமா மஞ்சள் காமாலையில் தவறினார். மூன்று வயது மகள் அமுதாவைத் தூக்கிக்கொண்டு அக்கா எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தார். அதற்குள் அம்மாவும் போய்விட்டார். வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் அப்பாவின் தங்கையான எங்கள் அத்தை சொல்வதுதான்.

அடுத்த வருடம் எனக்குப் பிரான்சு மாப்பிள்ளை வந்தது. நம் ஊரில் அதன் மதிப்பு என்ன என்று நான் எழுத வேண்டியதில்லை. மாப்பிள்ளையின் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். குடும்பம் முழுவதும் அங்கேயே இருந்தது. விடுமுறைக்கு வந்தபோது அத்தைதான் பேசி முடித்து, பெண் பார்க்க நாள் குறித்தார். "நீ அந்த நேரத்துல வீட்டுல இருக்காத" என்று அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். கணவனை இழந்தவர் நல்ல காரியத்தில் முன்னால் வரக்கூடாது என்பது வழக்கம். அக்கா சரி என்று தலையாட்டினார்.

அன்று காலையில் அக்கா கூடையோடு கிளம்பும்போது நான் பின்னாலேயே போனேன்.

"அக்கா, எனக்கு வேணாக்கா."

"யாரு, மாப்பிள்ளயா? இன்னும் மூஞ்சியே பாக்கலயே."

"அவரு இல்லக்கா. அந்த ஊரு. அங்க போயி நான் யாருகிட்ட பேசுவேன்?"

"இங்க மட்டும் யாருகிட்ட பேசிக் கிழிக்கற?"

நான் அழுதுவிட்டேன். அக்கா கூடையைக் கீழே வைத்தார்.

"அப்பாகிட்ட சொல்லு."

"நீ சொல்லுக்கா."

"நான் சொன்னா எடுபடாது. அத்த வாயிலயே அடச்சிடும். அவங்களே வேணாம்னு எழுந்து போவணும்." கூடையை மறுபடி தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு, "நீ காப்பி குடுத்துட்டுத் தலய குனிஞ்சிக்க. அதான் உனக்கு நல்லா வருமே. நீ கேட்டன்னு யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா பொண்ணு திமிரு புடிச்சதுன்னு அடுத்த வரன் வராது" என்றார்.

என்ன செய்யப் போகிறார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். நான் காப்பி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். அப்போது தெருவாசல் வழியாக அக்கா உள்ளே வந்தார். வழக்கமாகப் பின்கட்டு வழியாக வருபவர். புடவை இடுப்புவரை நனைந்திருந்தது. கைகால் கழுவவில்லை. தலையில் இருந்த கூடையைக் கூடத்தின் நடுவில், மாப்பிள்ளையின் அம்மா கட்டியிருந்த பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் இறக்கினார். மீன்தண்ணீர் தரையில் ஓடியது.

"வாங்க, பொண்ணு பாக்கவா வந்தீங்க? நான் பெரியவ. எம் புருசன் போயி ஒரு வருசம் ஆவுது" என்றார். அத்தை அக்காவின் கையைப் பிடித்து இழுத்தார். அக்கா நகரவில்லை. "அங்க வீட்டு வேலக்கி ஆளு இருக்குதா, இல்ல அதுக்குதான் இங்க வந்து பொண்ணு எடுக்கறீங்களா?"

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "சகுனமே சரியில்ல, வாங்க போலாம்." நால்வரும் கிளம்பினார்கள். மாப்பிள்ளை மட்டும் வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பிக் கூடையைப் பார்த்து, "வவ்வால் மீனா?" என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டார். அக்கா ஆமாம் என்றார். அவர் நல்ல மனிதராகத்தான் இருந்திருக்க வேண்டும். கொடுத்த காப்பியை யாரும் தொடவில்லை. டம்ளர்களில் ஆடை படிந்திருந்தது.

அப்பா கையை ஓங்கினார். அடிக்கவில்லை. வெளியே போய்விட்டார். அத்தைதான் கேட்டார்: "உன் வாழ்க்கதான் போச்சி. அவ வாழறதப் பாக்கவும் உனக்குப் பொறுக்கலயாடி?"

குழாயடியில் ஊரையே வாயடைக்க வைத்தவர் அக்கா. "மீனு கெட்டுடும், நான் போறேன்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டார். நான் காலி தட்டோடு அங்கேயே நின்றிருந்தேன். அத்தை என்னைக் கட்டிக்கொண்டு, "இந்த வாயில்லாப் பூச்சிக்கு இப்படி ஆச்சே" என்று அழுதார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம்.

அந்தச் செய்தி அன்றே எல்லா வீடுகளுக்கும் போனது. தங்கை வாழப் பொறுக்காதவள் என்ற பெயர் அக்காவுக்கு நிலைத்துவிட்டது. அதன்பிறகு நம் வீடுகளின் நிச்சயதார்த்தம், சடங்கு, வளைகாப்பு எதுவானாலும் அக்காவை அடுப்பங்கரையோடு நிறுத்திவிடுவீர்கள். மற்ற வீடுகளில் கணவனை இழந்தவர்களைக் கடைசி வரிசையிலாவது உட்கார வைத்தார்கள். அக்காவைக் கூடத்தின் பக்கமே விடவில்லை. வரிசைத் தட்டை என் கையில் கொடுத்து முன்னால் நடக்கச் சொல்வீர்கள். "அடக்கமான பொண்ணு" என்பீர்கள். பேசாதவர்களை நாம் நல்லவர்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். நான் பேசாமல் இருந்தது கூச்சத்தால், பல சமயம் பயத்தால். அதை என் குணம் என்று நினைத்தீர்கள். நான் அப்படியே விட்டுவிட்டேன். நல்ல பெயர் இருந்தது, அதை இழக்க மனம் வரவில்லை.

மூன்று வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆனது. என் கணவர் தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர், அமைதியானவர். அந்த வரனை அத்தை கொண்டுவந்ததாக நீங்கள் நினைக்கிறீர்கள். அவரை மதாமிடம் விசாரித்துக் கண்டுபிடித்தது அக்கா. "நான் சொன்னேன்னு தெரிஞ்சா யாரும் வர மாட்டாங்க. அத்த சொன்னதா இருக்கட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வேறு ஆள் மூலமாக அத்தை காதில் போட்டுவைத்தார். பெண் பார்க்க வந்த அன்று விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அக்கா வீட்டுப் பக்கமே வரவில்லை.

ஒரே ஒருமுறைதான் அக்கா என்னிடம் வாய்விட்டுக் கேட்டார். சொந்தத்தில் ஒரு புதுமனைப் புகுவிழா. அக்கா தெரியாமல் மஞ்சள் குங்குமத் தட்டைக் கையில் எடுத்துவிட்டார். ஒருவர் வந்து அதை வாங்கி என் கையில் கொடுத்தார். அமுதா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "ஒரு வார்த்த நீ சொல்லியிருக்கலாம்டி" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுதான் எனக்கு நன்றாக வருமே. நறுக்கி முடித்ததும், "சரி விடு, எண்ண காயுது, அந்த மீன எடு" என்றார்.

சர்க்கரை நோய் அக்காவின் காலில் ஆரம்பித்தது. பிறகு சிறுநீரகம் கெட்டது. மருத்துவமனையில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்றேன்.

"இன்னாத்த?"

"அன்னிக்கி நான்தான் உன்கிட்ட கேட்டேன்னு."

"இப்ப எதுக்கு? உன்னப் புடிச்சித் திட்டுவாங்க. எனக்குப் பழகிடுச்சி. உனக்குத் தாங்காது" என்றார். பிறகு, "மதாமுக்கு வெள்ளிக்கெழம எறா வேணும்னாங்க. யார்கிட்டயாவது சொல்லிவுடு" என்றார். அதன்பின் நான்கு நாள்தான் இருந்தார்.

அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். மதாம் இரண்டு பேர் கைத்தாங்கலில் வந்து, "உங்க அக்கா ஒரு நாளும் என்கிட்ட பொய் சொன்னதில்ல" என்றார். அத்தை மாலை போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம், "உழைப்பாளிதான். என்ன, தங்கச்சி வாழ்க்கயில மண்ண அள்ளிப் போட்டுட்டா" என்றார். என் காதில் விழுந்தது. அமுதாவின் காதிலும் விழுந்தது. அத்தையைக் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார். தெரிந்த நான் அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்து அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அன்று எல்லோரும் அப்படியே எழுந்து போனீர்கள். வீடு காலியான பிறகு அமுதா கேட்டாள்.

"சித்தி, அம்மா நெஜமாவே அப்படிப் பண்ணிச்சா? உன் மேல பொறாமையா?"

பெற்ற மகளும் அதை நம்பி வளர்ந்திருக்கிறாள். அக்கா அவளிடமும் சொல்லவில்லை. நான் அவளிடம் முழுவதையும் சொன்னேன். அவள் எழுந்து போய்விட்டாள். கருமாதி முடியும்வரை என்னுடன் பேசவில்லை. பிறகு ஒருநாள் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"என்கிட்ட சொன்னா பத்தாது சித்தி. எங்க அம்மாவ யாருயாரு பேசினாங்களோ, அவங்க எல்லாருக்கும் சொல்லு."

"பேச வராதும்மா."

"அப்ப எழுது."

எழுதிவிட்டேன். பிரான்சு மாப்பிள்ளை வேண்டாம் என்றது நான். அப்பாவிடம் சொல்லத் துணிவில்லாமல் அக்காவிடம் சொன்னேன். எனக்காகத் தன் கைம்பெண் கோலத்தையே எல்லோர் முன்னாலும் கொண்டுவந்து வைத்தார். அவருக்கு என் மேல் பொறாமை இருந்ததே இல்லை. அத்தைக்குக் கண் சரியாகத் தெரியாது. வீட்டில் யாராவது இதை அவருக்கு உரக்கப் படித்துக்காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். என் மேல் கோபம் வந்தால் வந்து திட்டட்டும். தாங்கிக்கொள்கிறேன்.

அக்காவை மருத்துவமனைக்குத் தூக்கிப் போன தெருக்காரர்களுக்கும், இரத்தம் கொடுத்தவர்களுக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், தள்ளாத வயதில் வந்து போன மதாமுக்கும் எங்கள் நன்றி. இந்த மலரை அச்சிட்ட அச்சகத்தாருக்கும் நன்றி.

அக்காவைத் தனியாக எடுத்த நல்ல படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. ஆதார் அட்டையில் இருப்பதைப் பார்த்து, "என்ன அடிச்சி ஒக்கார வெச்சாப்ல இருக்குது" என்று அவரே சொல்வார். இந்த மலரின் மேலட்டையில் நீங்கள் பார்ப்பது என் கல்யாணப் பந்தியில் எடுத்தது. மேடைக்கு வராத அக்கா, எனக்கு அப்பளம் வைக்கக் குனிந்தபோது யாரோ எடுத்திருக்கிறார்கள். சிரிக்கிறார். அச்சகத்தில் படத்தை வெட்டிப் பெரிதாக்கும்போது, ஓரத்தில் பட்டுப்புடவையோடு ஒரு தோள் தெரிகிறது, அழித்துவிடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், இருக்கட்டும் என்று சொன்னேன். அந்தத் தோள் என்னுடையது.