ஒன்பது பேருக்குத் தெரியாத சுதாராணி

திங்கட்கிழமை காலை சுதாராணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. ஏற்காட்டுக்குப் பக்கத்தில் கொட்டச்சேட்டில் தன் ஷெட்டுக்குள், உலர்த்தும் பெட்டியின் தட்டை வெளியே இழுத்து, சூடான மிளகுக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டுதான் பேசினாள்.

"அம்மணி, நீங்க குடுத்த பன்னெண்டு வெவசாயிங்க நம்பருக்கும் போன் பண்ணிப் பாத்தேனுங்க" என்றார் பாக்கியநாதன். "மூணு பேருக்கு லைன் போகல. மீதி ஒன்பது பேரும் உங்கள யாருன்னே தெரியாதுங்கறாங்க."

மிளகுக்குள் இருந்த கை அப்படியே நின்றது. சுடுவதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

பாக்கியநாதன் ஒரு காலத்தில் பம்ப் கம்பெனி நடத்தியவர். அதை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, இப்போது புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு முதல் பணம் போடுகிறார். அவரையும் சேர்த்து ஏழு பேர் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். கல்லூரிகளில் நடக்கும் போட்டிகளுக்கு நடுவர்களாகப் போவார்கள், அங்கே இங்கே விசாரிப்பார்கள், நூறு பேர் சொல்வதைக் கேட்டு ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். கொடுப்பது கடன் இல்லை. கம்பெனியில் பங்கு வாங்குகிறார்கள். கம்பெனி முழுகினால் பணமும் முழுகும். அதனால் ஏழு பேரில் ஒருவர் முன்னால் நின்று எல்லாவற்றையும் துருவிப் பார்ப்பார். அவர் சரி என்றால் மற்ற ஆறு பேரும் போடுவார்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால் ஆறு பேரும் கையை உதறிவிடுவார்கள். இவர்களுக்கு ஏஞ்சல் என்று பெயர். தேவதைகள் இப்படிப் போன் போட்டு ஆளை நடுங்கவைக்கும் என்று யாரும் சுதாராணிக்குச் சொல்லியிருக்கவில்லை.

அவளுக்கு முப்பத்தொரு வயது. காப்பி பறிக்கச் சமவெளியிலிருந்து மலையேறி வந்த குடும்பம். சேலத்தில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு எஸ்டேட்டில் ஆறு வருஷம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தாள். மலைக்கிராமத்து விவசாயி தலைச்சுமையாகக் கொண்டுவரும் மிளகை வியாபாரி ஒரு பிடி அள்ளிப் பார்த்து, "ஈரமா இருக்குது" என்று ஒரே வார்த்தையில் எடையைக் கழிப்பதை அந்த ஆறு வருஷமும் பார்த்தாள். பார்த்துப் பார்த்து எரிச்சல் தாங்காமல், வெயில் சூட்டில் உலர்த்தும் பெட்டியையும் ஈரத்தை அளந்து காட்டும் ஒரு கருவியையும் செய்தாள். உலர்ந்த ஒவ்வொரு மூட்டைக்கும் ஓர் அட்டை கட்டுவாள். யார் தோட்டம், எந்த ஊர், ஈரம் எவ்வளவு, கீழே அவள் கையெழுத்து. அந்த அட்டையை நம்பி நகரத்துக் கடைகள் நேராக வாங்கின. ஷெட்டில் இடம் போதாததால், உலர்ந்த மூட்டைகளை விற்கும்வரை அவரவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள்.

சேலத்தில் ஒரு கல்லூரிப் போட்டியில் அவள் நாக்குக் குழறக் குழற இதையெல்லாம் சொன்னபோது, நடுவர் வரிசையில் இருந்த பாக்கியநாதன் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். அதிலிருந்து நாலு மாதப் பேச்சு. பணம் வந்தால் பெரிய ஷெட் வரும். வராவிட்டால் இந்த மிளகு சீசனோடு கதவைச் சாத்த வேண்டியதுதான். அவளை நம்பிய நாற்பது குடும்பமும் பழைய வியாபாரியிடமே போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

"இன்னொண்ணுங்க அம்மணி" என்று பாக்கியநாதன் தொடர்ந்தார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. "ஒன்பது பேரும் ஒரே வார்த்தயத்தான் சொல்றாங்க. 'அப்படி யாரும் இங்க இல்லீங்க, ராங் நம்பருங்க.' உடனே வெச்சர்றாங்க. மனப்பாடம் பண்ணுன மாதிரி."

அப்போதுதான் சுதாராணிக்கு விஷயம் விளங்கியது. அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்யவைத்தவளே அவள்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவளோடு வேலை செய்த கிளியூர் வனிதா, செல்போன் ஆப் ஒன்றில் கொஞ்சம் கடன் வாங்கிவிட்டாள். தவணை தவறியதும், எங்கோ இருந்த தடியர்கள் அவள் போனில் இருந்த எல்லா நம்பர்களையும் எடுத்து, மலையில் பாதிப் பேருக்குப் போன் செய்தார்கள். வாயில் வரக்கூடாததையெல்லாம் பேசினார்கள். வனிதா கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது நாள் வெளியே வரவில்லை. சுதாராணியும் அவள் கணவன் மாதேஷும் பைக்கை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். தெரியாத நம்பரிலிருந்து யாரைப் பற்றிக் கேட்டாலும் ராங் நம்பர் என்று சொல்லுங்கள், சொல்லிவிட்டு உடனே வைத்துவிடுங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் மூன்று தடவை சொல்லவைத்துவிட்டுத்தான் சுதாராணி நகர்ந்தாள். மலையே ஒரே குரலில் ராங் நம்பர் என்றதும் அந்தத் தடியர்கள் அலுத்துப்போனார்கள். வனிதா கதவைத் திறந்தாள்.

இதைப் பாக்கியநாதனிடம் சொல்லிவிடலாமே என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எப்படிச் சொல்வது? நான்தான் இவர்களுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தேன் என்றா? தெரியாது என்று சொல்லவைத்தவளுக்குத் தெரியும் என்று சொல்லவைக்க எத்தனை நேரம் ஆகும் என்று அவர் நினைத்துவிட்டால்? பன்னிரண்டு பெயரும் கற்பனை, மலையில் அப்படி ஒரு தொழிலே இல்லை, இவள் ஓர் ஏமாற்றுக்காரி என்று அந்த ஏழு பேரும் முடிவு கட்டிவிட்டால், பிறகு எந்த ஊரிலும் எவரும் அவளைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

"நான் வெசாழக்கெழம வரேனுங்க" என்றார் அவர். "அது வரைக்கும் அந்தப் பன்னெண்டு பேருல யார்கிட்டயும் நீங்க பேசக் கூடாது. போனும் கூடாது. யாரு ஊட்டுக்குப் போறதுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன். அங்க வந்தும் நீங்க வாயத் தொறக்கக் கூடாதுங்க. சரிங்களா?"

"சரிங்க" என்றாள். தன் குரல் அவளுக்கே திருட்டுக்குரலாகக் கேட்டது.

அதற்கப்புறம் மூன்று நாளும் அவள் சாப்பிட்டது பேருக்குத்தான். மாதேஷ் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவன், எதையும் நேர் ரோடாகப் பார்க்கிற மனுஷன்.

"ஏன் இப்படி நடுங்கற? நான் பைக்க எடுத்துக்கிட்டுப் போயி பன்னெண்டு ஊட்டுலயும் ஒரு வார்த்த சொல்லிட்டு வந்தர்றேன். அந்த ஆளுக்கு எப்படித் தெரியப் போவுது?"

"வேண்டாம் மாதேஷு. சொல்லிக்குடுத்துப் பேசறது மூஞ்சியிலயே தெரிஞ்சிரும். அவரு அந்த ஒண்ணத்தான் பாக்க வராரு."

அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, ஒவ்வொரு மணி நேரமும் அவளுக்கே போக வேண்டும் போல இருந்தது. புதன்கிழமை ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் செம்மநத்தம் சென்னம்மாளைப் பார்த்தாள். பன்னிரண்டு பேரில் ஒருத்தி. ஐம்பது வயது தாண்டியவள், புருஷன் இல்லை, ஒற்றை ஆளாக மிளகும் சாமையும் போடுகிறவள். "கண்ணு!" என்று அவள் கையை உயர்த்திக் கூப்பிட்டாள். பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாளே! சுதாராணி பேயைக் கண்டவள் போல, அங்கே நின்றிருந்த ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். எட்டிப் பார்த்தபோது சென்னம்மாள் அதே இடத்தில் நின்று அந்தப் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

வியாழக்கிழமை பாக்கியநாதன் தானே கார் ஓட்டிக்கொண்டு வந்தார். அறுபது வயது, வெள்ளைச் சட்டை, கால்சட்டைப் பையில் மடித்து வைத்த பட்டியல். ஷெட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு பட்டியலை விரித்து, பார்க்காமலே ஒரு பெயரில் விரலை வைத்தார்.

"சென்னம்மாள். செம்மநத்தம்."

யார் பெயர் வந்தாலும் இந்தப் பெயர் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தாள். ஒரு கார் மட்டும் போகிற ரோட்டில், பனி கண்ணாடியில் வந்து ஒட்ட ஒட்ட, இருவரும் போனார்கள். வழியில் எங்காவது கார் நின்றுபோனால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். கார் நல்ல கார், நிற்கவில்லை.

சென்னம்மாள் வாசலில் பாய் விரித்துச் சாமையைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். கார் நின்ற சத்தத்துக்கு நிமிர்ந்தாள். முதலில் வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால் தலையைக் குனிந்து இறங்கிய சுதாராணியைப் பார்த்தாள். மெதுவாக எழுந்து நின்றாள்.

"அம்மா, வணக்கமுங்க" என்றார் பாக்கியநாதன். "இவங்கள உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க."

கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"நல்லாத்தான் பாக்கறேனுங்க. இந்த மூஞ்சிய நான் எங்கயும் பாத்ததில்லீங்க. நீங்க ஊடு மாறி வந்துட்டீங்க."

பாக்கியநாதன் திரும்பிச் சுதாராணியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நாலு மாதமும் தீர்ந்துபோனது. "சரி, போலாமுங்க அம்மணி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். சுதாராணி வாயைத் திறக்கவில்லை. கண்ணைத்தான் அவளால் கட்டுப்படுத்த முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே விசும்பினாள்.

"ஏனுங்க! நில்லுங்க!"

சென்னம்மாள் வீட்டுக்குள் ஓடினாள். உள்ளே எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. மூச்சு வாங்க ஒரு மூட்டையை நிலைப்படிக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்து பாக்கியநாதன் முன்னால் போட்டாள்.

"இங்க பாருங்க. இந்தப் பொண்ணு ஆருன்னு எனக்குத் தெரியாதுங்க. எந்த ஊரு, ஆரு பெத்ததுன்னும் தெரியாது. இத எடுத்துக்கோங்க. இன்னும் ரெண்டு மூட்ட உள்ள இருக்குது, அதையும் எடுத்துக்கோங்க. பொண்ண இங்க வுட்டுட்டுப் போயிருங்க. நேத்து பஸ் ஸ்டேண்டுல அது பயந்து ஒளிஞ்ச ஒளிப்ப நான் பாத்தேனுங்க. உங்களுக்கும் பொண்ணு இருக்குமில்லீங்க?"

சென்னம்மாளின் அந்த வருஷத்து மிளகு முழுவதும் அந்த மூன்று மூட்டைதான். சுதாராணிக்குத் தெரியும், அவள்தான் உலர்த்தினாள். பாக்கியநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விழித்தபடி குனிந்தார். மூட்டையின் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். சென்னம்மாள், செம்மநத்தம், ஈரம் நூற்றுக்குப் பதினொன்று. கீழே சுதாராணி என்று கையெழுத்து.

"அம்மா, இந்த அட்டய ஆரு கட்டுனது?"

சென்னம்மாள் அட்டையைப் பார்த்தாள். மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் பிடியை விடவில்லை. "தெரியாதுங்க. அது அதுபாட்டுக்கு இருந்துச்சுங்க."

"தெரியாதுன்னு சொல்லோணும்னு ஆரு சொல்லிக்குடுத்தாங்க?"

சென்னம்மாள் ஒரு கணம் சுதாராணியை ஓரக்கண்ணால் பார்த்தாள். "அதுவும் தெரியாதுங்க."

பாக்கியநாதன் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம், "இப்பப் பேசுங்க அம்மணி" என்றார். சுதாராணி வனிதாவைச் சொன்னாள், அந்தப் போன்களைச் சொன்னாள், பைக்கில் ஊர் ஊராகப் போனதைச் சொன்னாள். இடையிடையே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முன்னுக்குப் பின்னாகச் சொன்னாள். சேலத்துக் கல்லூரி மேடையில் பேசியதைவிட மோசமாகவே பேசினாள்.

"திங்கக்கெழமயே ஏனுங்க இத என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

"மாட்டேன்" என்றார் அவர். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். போனை எடுத்துக்கொண்டு சிக்னலுக்காக வேலி ஓரம் போனார். "மத்த ஆறு பேருக்கும் சொல்லிரு. நான் போடறேன். அவங்க பின்னால வரட்டும்" என்று யாரிடமோ சொல்வது வாசல்வரை கேட்டது. சுதாராணி பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

ஒப்பந்தக் காகிதம் அடுத்த வாரம் வரும், வாங்க, உங்களைக் கொட்டச்சேட்டில் விட்டுவிடுகிறேன் என்று பாக்கியநாதன் திரும்பி வந்து கூப்பிட்டபோது, சென்னம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"பொண்ணு பஸ்ஸுல வரும். நீங்க போங்க."

அவர் சிரித்துக்கொண்டே போனார். கார் வளைவில் மறைகிறவரை சென்னம்மாள் சுதாராணியின் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. காய்த்துப்போன கை, வலித்தது. கார் சத்தம் முழுக்க அடங்கிய பிறகுதான் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எத்தன கண்ணு வாங்கித் தொலச்ச?"

"ஐயோ, நான் ஒண்ணும் வாங்கலீங்க. அவரு கேக்க வந்தவரு இல்லீங்க, குடுக்க வந்தவரு. திருப்பிக்கூடத் தர வேண்டாமுங்க. நம்ம கம்பெனியில அவருக்கும் ஒரு பங்கு, அவ்வளவுதான்."

சென்னம்மாள் முகத்தில் அதுவரை இல்லாத பயம் இப்போது வந்தது.

"திருப்பித் தர வேண்டாமுன்னு குடுக்கறானா? அப்ப அவன் வேற என்னத்த கண்ணு எடுத்துக்கிட்டுப் போவான்?"

சுதாராணி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அடுத்த வாரம் வரப்போகும் காகிதம் நினைவுக்கு வந்தது. இருபத்தாறு பக்கம். போன மாதம் அதன் நகலைப் படித்தபோது பாதி விளங்கவில்லை, விளங்காததைக் கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்து கேட்காமல் விட்டிருந்தாள். மணிக்கட்டை இன்னும் சென்னம்மாள் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். சுதாராணி அதை விடுவித்துக்கொள்ளவில்லை.

"கேட்டுட்டு வந்து சொல்றேனுங்க" என்றாள்.