மூன்று நாள் டூட்டி

மான் வேட்டைக்காலம் தொடங்குமுன் எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். துப்பாக்கியின் மேல் பூட்டுகிற தூரக்கண்ணாடியைக் கையில் எடுப்பார்கள், விலைச்சீட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள், உடனே போனை எடுத்து அமெரிக்கக் கடை ஒன்றின் விலையை என் மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். இதே சாமான்தானே, கனடாக்காரன் என்றால் இளிச்சவாயனா என்பது அவர்கள் வாதம். நானும் அலுக்காமல் சொல்வேன். ஐயா, இது இந்த நாட்டில் செய்தது இல்லை. எங்கோ செய்ததை இங்கே கொண்டுவர ஒரு கம்பெனி, அதற்கு ஒரு லாபம். துப்பாக்கிச் சாமான் என்பதால் எல்லை தாண்ட அனுமதிக் காகிதம் வேண்டும். உங்கள் டாலர் அவர்கள் டாலரைவிட இளைத்தது. இங்கே வாங்குகிற ஆள் குறைவு, கொஞ்சமாகத் தருவித்தால் கூலி ஏறத்தான் செய்யும். அப்புறம் வரி, சுங்கத்தில் போடுகிற டூட்டி.

மற்றதெல்லாம் கிளிப்பிள்ளை மாதிரி வந்துவிடும். டூட்டி என்று சொல்லும்போது மட்டும் எனக்கு மரக்காணம் தபால் ஆபீஸின் பசை வாசனை வரும். சிரிக்காதீர்கள், ஒன்பது வயதில் நான் அங்கே மூன்று நாள் வேலை பார்த்திருக்கிறேன்.

அம்மா அப்போது உப்பளத்தில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்பா குயிலாப்பாளையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஒரு விடுதியில் சமையல்காரராக இருந்தவர். அங்கே தங்கிய கனடாத் தம்பதிக்கு அவர் கைப்பக்குவம் பிடித்துப்போய்க் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போன இடத்தில் அவர்களுடைய வேட்டைச் சாமான் கடையில் பார்சல் கட்டுகிற வேலையும் சேர்ந்து அவர் தலையில் விழுந்தது. அவர் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வரும். நான் வாயைத் திறப்பதற்குள், "டூட்டிக்கு நேரமாச்சு பாப்பா, வெச்சிடட்டா?" என்பார். அந்த டூட்டி யார் என்று தெரிந்தால் கடித்துவைக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வரும்.

எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், "கடலுக்கு அந்தாண்ட" என்பார். நான் அதை அப்படியே நம்பினேன். பள்ளிக்கூடம் விட்டதும் கடற்கரைக்குப் போய் நின்று பார்ப்பேன். தண்ணீரும் வானமும் ஒட்டுகிற இடத்தில் ஒரு கோடுதான் இருக்கும். என் கண்ணுக்குத்தான் பவர் போதவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அப்படியிருக்கும்போது ஆரோவில்லிலிருந்து சில வெள்ளைக்காரர்கள் உப்பளத்துப் பக்கம் பறவை பார்க்க வந்தார்கள். அவர்களில் ஒரு பெண் தன் தூரக்கண்ணாடியை என் கண்ணில் வைத்துப் பிடித்தாள். கழிவெளி ஏரியின் நடுவில் வெறும் புள்ளியாகத் தெரிந்த பூநாரை, கண்ணும் மூக்குமாக என் முன்னால் வந்து நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பறவையின் கண் தெரிகிறதென்றால் அப்பாவின் முகம் தெரியாமலா போகும்? அந்த ஞாயிறே எனக்கு ஒரு தூரக்கண்ணாடி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். எதற்கு என்று கேட்டார். உங்களைப் பார்க்க என்றேன். சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"இங்க அதெல்லாம் வெல ஜாஸ்தி பாப்பா. பக்கத்து நாட்டுல கம்மி. பார்டர் தாண்டி வந்துச்சுன்னா அதுக்கு டூட்டி இருக்குது" என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. கண்ணாடியும் அப்பா மாதிரிதான். ஊர்விட்டு ஊர் போனால் போன இடத்தில் டூட்டி பார்க்க வேண்டும், பார்த்து முடித்தால்தான் விடுவார்கள். பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

யாரோ வாங்கிக் கீறல் இருக்கிறதென்று கடையிலேயே திருப்பிக் கொடுத்த ஒன்றை அப்பா குறைந்த விலைக்கு வாங்கி அனுப்பினார். துப்பாக்கியில் பூட்டுகிற கண்ணாடி. அவர் கைக்கு எட்டியது அதுதான். முழுப்பரீட்சை லீவில் ஒருநாள் தபால்காரர் வந்தார். கையில் பெட்டி இல்லை, ஒரு சீட்டு மட்டும் இருந்தது.

"ஏம்மா, கனடாவுலேர்ந்து பொட்டி வந்துருக்குது. ஆபீஸ்லதான் இருக்குது. துப்பாக்கி சாமானாம், டூட்டி ரொம்பப் போட்டுட்டான்" என்றார்.

அம்மா சீட்டை வாங்கிப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று. இரண்டு மாதம் தலையில் உப்புக் கூடை சுமந்தால் வருகிற தொகை அது. சாயங்காலத்துக்குள் எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து, "இன்னாடி, உன் வூட்டுக்காரரு துப்பாக்கி அனுப்பியிருக்காராமே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அம்மா சீட்டை மடித்து அரிசிப் பானைக்குள் செருகிவைத்தாள்.

எனக்கோ டூட்டி என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது. அம்மாவுக்கு உப்பளத்து வேலையே முதுகை ஒடிக்கிறது, இந்த டூட்டியை நாமே பார்த்துவிடலாம் என்று முடிவுகட்டினேன். மறுநாள் அவள் உப்பளத்துக்குக் கிளம்பியதும் தலைசீவி, பள்ளிக்கூட யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு தபால் ஆபீஸுக்குப் போனேன்.

"சார், டூட்டி பார்க்க வந்துருக்கேன்."

போஸ்ட் மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இன்னா டூட்டி?"

"கனடா பொட்டிக்கு."

பக்கத்து மேசைக்காரர் தேநீர் சிந்தச் சிரித்தார். போஸ்ட் மாஸ்டர் நல்ல மனுஷர், சிரிப்பை அடக்கிக்கொண்டு பசைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். மூன்று நாள் தபால்தலை ஒட்டினேன், சணல் கயிறு எடுத்துக்கொடுத்தேன், பானையில் தண்ணீர் நிரப்பினேன். அலமாரி உச்சியில் பெட்டி இருந்தது. அதில் அப்பாவின் கையெழுத்தில் இங்கிலீஷில் என் பெயர். நிமிர்ந்து அதைப் பார்த்துப் பார்த்துப் பசை தடவுவேன். சாயங்காலம் கிளம்பும்போது முடிஞ்சுதா சார் என்று கேட்பேன். இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குது என்பார்.

மூன்றாம் நாள் வெயில் ஏறியபின் அம்மா வந்தாள். உப்பளத்திலிருந்து நேராக வந்திருந்தாள், கால் முட்டிவரை வெள்ளை பூத்திருந்தது. முதலாளியிடம் முன்பணம் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்திருந்தாள்.

"நீ இன்னாடி பண்றே இங்க?"

போஸ்ட் மாஸ்டர் என் உத்தியோகத்தைப் பற்றிச் சொன்னார். அம்மாவும் சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாகியிருந்தது! சிரித்துக்கொண்டே முடிச்சை அவிழ்த்தாள், நோட்டை எண்ணி வைக்கத் தொடங்கினாள். பாதியில் கை நின்றது.

"சார், ஒண்ணு கேக்கட்டா? பொட்டி வர்றதுக்கே இவ்ளோ டூட்டி இருக்குதே, ஆளு வர்றதுக்கு எவ்ளோ சார் டூட்டி?"

ஆபீஸே அதிர்ந்தது. தபால்காரர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் நான்தான். மூன்று நாள் அனுபவசாலி அல்லவா! மனுஷருக்குப் போய் யாராவது டூட்டி போடுவார்களா என்ற அறிவுகூட இல்லாத அம்மாவாக இருக்கிறாளே என்று எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

"ஆளுக்கெல்லாம் டூட்டி கெடையாதும்மா. டிக்கெட் எடுத்தா ஏறி வந்துட வேண்டியதுதான்" என்றார் போஸ்ட் மாஸ்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நெஜமாவா சார்?"

"நெஜமாத்தாம்மா."

அம்மா வைத்த நோட்டுகளை எடுத்து மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள். "அப்போ பொட்டியத் திருப்பி அனுப்பிடுங்க சார்" என்றாள். வாங்க மறுத்துவிட்டார் என்று போஸ்ட் மாஸ்டர் எழுதினார், அம்மா எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

நான் தரையில் விழுந்து புரண்டேன். மூணு நாளு பார்த்தேனே, என் டூட்டி என்னாச்சு என்று ஊரைக் கூட்டினேன். என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். அந்த வாரம் முழுக்க அவளோடு பேசவில்லை. என் அப்பாவைப் பார்க்கவிடாமல் செய்தவள் அவள்தான் என்று எனக்கு அவ்வளவு வெறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை போனை அம்மாவே முதலில் எடுத்தாள்.

"ஆளுக்கு டூட்டி கெடையாதாங்க. போஸ்ட் மாஸ்டரே சொல்லிட்டாரு. அந்தப் பணம் அப்படியே இருக்குது, டிக்கெட்டுக்கு வெச்சிக்கலாம். வந்துடுங்க."

அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே வரவில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நான் போனைப் பிடுங்கினேன். அப்பா இருந்தார். மூச்சு மட்டும் கேட்டது. கோள்மூட்ட வைத்திருந்ததையெல்லாம் நான் கொட்டினேன், அவர் ஒவ்வொன்றுக்கும் சரி பாப்பா, சரி பாப்பா என்றார். அன்றைக்கு டூட்டிக்கு நேரமாச்சு என்று அவர் சொல்லவில்லை.

அப்பா ஊருக்கு வந்தபோது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். நிரந்தரமாகத் தங்குவதற்கான காகிதம் கைக்கு வருவதற்கு முன் அந்த நாட்டைவிட்டு ஒரு அடி வெளியே வைத்திருந்தால் திரும்ப உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். இத்தனை வருஷம் இருக்க வேண்டும், இத்தனை படிவம் எழுத வேண்டும், கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். இப்போது அப்பா பார்சல் கட்டிய அதே கடையில் நான். நாலு வருஷமாக ஊருக்குப் போகவில்லை. என் காகிதமும் எங்கோ ஒரு மேசையில் கிடக்கிறது. பகல் முழுக்க வாடிக்கையாளர்களுக்குக் கண்ணாடியின் விலைக்குக் கணக்குச் சொல்கிறேன். அம்மா போனில் எப்போ வர்றே என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

அன்று அம்மா கேட்ட கேள்விக்கு ஆபீஸில் அத்தனை பேர் சிரித்தபோது அவள் சிரிக்கவில்லை. அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை என்பதும், பதில் தெரிந்தவர் அங்கே ஒருத்தர்கூட இல்லை என்பதும் எனக்கு அப்போது தெரியாது.