சுருக்கெழுத்துக்காரி நடத்திய திரைப்பட விழா

முதல் வருஷம் அவள் அனுப்பிய கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு இயக்குநர் நேராக வக்கீல் வீட்டுக்குப் போய்விட்டார். "தங்கள் திரைப்படம் தொடர்பாகக் கீழே கையொப்பமிட்டுள்ளோர் தெரிவித்துக்கொள்வது யாதெனில்" என்று ஆரம்பித்தால் யார்தான் பயப்படமாட்டார்கள்? வக்கீல் பொறுமையாகக் கடைசி வரை படித்துவிட்டு, "உங்கமேல கேஸ் ஒண்ணும் இல்ல. உங்க படத்தை அவங்க ஊர்ல போட்டுக் காட்டலாமான்னு கேக்கறாங்க, அவ்வளவுதான்" என்றாராம். தப்பித்த சந்தோஷத்தில் அந்த மனிதர் உடனே சம்மதம் சொல்லிவிட்டார்.

அவளுக்கு எழுத வந்த பாஷை அது ஒன்றுதான். பதினெட்டு வருஷமாக நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். சாட்சி சொன்னதைச் சொன்னபடி எடுப்பாள். கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். அவள் எடுத்த குறிப்பு என்றால் இரண்டு தரப்பு வக்கீலும் வாயைத் திறப்பதில்லை.

விழா பிறந்தது மருந்துக்கடையில். தலைவலி மாத்திரை வாங்கப் போனவளிடம் மருந்துக்கடைக்காரர், ஊரில் இருக்கிற ஒரே தியேட்டரில் ஒரே படம் ஆறு வாரமாக ஓடுவதைச் சொல்லி அலுத்துக்கொண்டார். உலகத்துப் படங்களையெல்லாம் தேடித் தேடிப் பார்க்கிற மனுஷன் அவர்.

"நாமளே போட்டா என்ன சார்?" என்றாள்.

அவர் சிரித்தார். மறுநாள் காலை கடை திறக்கும்போது அவள் வாசலில் நின்றாள், கையில் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலோடு. அப்புறம் அவர் சிரிக்கவில்லை.

டைல்ஸ் கடைக்காரர் தன் மாடியைக் காலி செய்து கொடுத்தார். மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்த அவள் கணவர் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டார். நாத்தனார் இரண்டு வெள்ளைத் துணிகளை ஒட்டித் தைத்துத் திரை செய்தாள். வந்தவர்கள் இருபத்து மூன்று பேர். அதில் ஒன்பது பேர் சொந்தக்காரர்கள். படம் ஓடத் தொடங்கியதும் நாத்தனார் அவள் காதில் கிசுகிசுத்தாள்.

"அண்ணி, கதாநாயகி மூக்குல தையல் ஓடுது."

"அடுத்த வருஷம் அகலத் துணியா எடுத்துக்கலாம்."

"அடுத்த வருஷமா? இன்னொரு தடவை வேறயா?"

"பின்னே?"

இரண்டாம் வருஷம் அகலத் துணி வந்தது. வேற்றுமொழிப் படங்களுக்குத் தமிழ் வசனத்தைக் கீழேயே காட்டிவிடலாம் என்று இரண்டு மாதம் உட்கார்ந்து, மருந்துக்கடைக்காரர் அர்த்தம் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் தமிழாக்கி அடித்து வைத்திருந்தாள். படம் ஆரம்பித்தது. கீழே எழுத்துக்குப் பதில் வரிசையாகக் கட்டம் கட்டமாக ஓடியது. கம்ப்யூட்டரில் எழுத்துரு இல்லை. மருந்துக்கடைக்காரர் கையைப் பிசைந்தார். கணவர் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிச் செருகினார். அவள் பையிலிருந்து அச்சடித்த பிரதியை எடுத்தாள்.

"ஏங்க, அந்த மைக்கைக் குடுங்க."

திரைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நடிகர்களின் உதடு அசைய அசைய வசனத்தைச் சொல்லிக்கொண்டே போனாள். நடிக்கவில்லை, அழுகை வந்த இடத்திலும் குரல் அசையவில்லை. ஐந்து நிமிஷத்தில் ஜனங்கள் அவளை மறந்து படத்துக்குள் போய்விட்டார்கள். விழாவின் மூன்றாம் நாள் எழுத்துரு சரியானபோது, "எழுத்து வேணாம், அந்தம்மாவே சொல்லட்டும்" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

மூன்றாம் வருஷம் ஒரு பெண் இயக்குநர் நேரிலேயே வந்தார். தமிழ் தெரியாது, மருந்துக்கடைக்காரர்தான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார். தன் படத்தின்மேல் இன்னொரு குரலா என்று அவருக்கு முகம் சுருங்கியது.

"அவங்க படத்துல பதினொரு நிமிஷம் யாருமே பேசமாட்டாங்க. அங்க நீங்க என்ன பண்ணுவீங்கன்னு கேக்கறாங்க மேடம்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"பேசலைன்னா நானும் பேசமாட்டேன்னு சொல்லுங்க சார்."

அந்தப் பதினொரு நிமிஷம் வந்ததும் அவள் மைக்கைக் கீழே வைத்தாள். நடுவில் ஒரு பெரியவர், "ஏம்மா, மைக் அவிஞ்சு போச்சா?" என்று கேட்டார். "மைக் நல்லாத்தான் இருக்கு. அவங்க பேசல" என்றாள். இயக்குநருக்கு விஷயம் போனது, அவரும் சிரித்துவிட்டார்.

ஆனால் படம் முடிந்ததும் வந்து நின்றார். பேருந்து நிலையத்தில் அப்பா மகளை அனுப்பும் காட்சியில் கூட்டம் இதமாக 'உச்' கொட்டியதாம். மற்ற ஊர்களில் அந்த இடத்தில் எல்லோரும் உறைந்துதான் போவார்களாம். "அங்க என்ன சொன்னீங்க?"

"போயிட்டு வான்னு."

மருந்துக்கடைக்காரர் விளக்கியதும் இயக்குநர் இல்லையென்று தலையை ஆட்டினார். "அந்த அப்பா, திரும்பி வராதேன்னுதான் சொல்றாரு. வெறும் 'போ'."

அவள் பிரதியைப் புரட்டினாள். பக்கத்திலேயே குறித்திருந்த மூலத்தில் ஒற்றைச் சொல்தான் இருந்தது. கிளம்புகிறவளிடம் 'போ' என்று சொல்ல அவள் வாய்க்கு வரவில்லை. கை தானாகவே ஒரு 'வா'வைக் கூட்டி அடித்துவிட்டது. பதினெட்டு வருஷத்தில் சாட்சி சொல்லாத ஒரு வார்த்தையை அவள் சேர்த்ததில்லை. காது மடல் சூடானது. ஆனால் சமாளிக்கவில்லை.

"தப்பு என்னுதுதான்னு சொல்லுங்க. நாளைக்கும் இதே படத்தைப் போடுவோம். இன்னிக்கு வந்தவங்களும் வரணும்னு நானே சொல்லிடறேன்."

சொன்னாள். மைக்கைப் பிடித்து, எந்த இடத்தில் என்ன தப்பு என்று விவரமாகச் சொன்னாள். மறுநாள் மாலை மாடியில் நிற்க இடமில்லை. அவள் பிழையைச் சொன்னதே விளம்பரமாகிவிட்டது. பேருந்து நிலையக் காட்சி வந்தது.

"போ."

யாரும் உச் கொட்டவில்லை. நாற்காலி ஒன்று கிரீச்சிட்டதுகூடக் கேட்டது. முன்வரிசையில் நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். இயக்குநர் திரையைப் பார்க்காமல் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் வருஷம் தியேட்டர் முதலாளியே நீதிமன்ற வாசலுக்கு வந்தார். காலைக் காட்சிகள் காலியாகக் கிடக்கின்றன, விழாவை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: எந்தப் படத்தையும் நடுவில் நிறுத்தி இடைவேளை விடக்கூடாது.

"அப்ப என் தின்பண்டக் கடை?"

"படத்துக்கு முன்னாடி வித்துக்குங்க. படத்துக்கு அப்புறமும் வித்துக்குங்க. நடுவுல எங்க வேலை."

அவர் மோவாயைத் தடவிக்கொண்டார். பிறகு, அவள் உட்காரும் நாற்காலியைத் திரைக்கு எந்தப் பக்கம் போடவேண்டும் என்று கேட்டார்.